குதிகாலில் 5 சொட்டு ரத்தம்! உப்புக் காற்றில் கெட்டால் பச்சைக் குழந்தை கதி என்ன?

ஆரோவில்:

கொலைக் கேசில் ரத்தக்கறை துணியை சீல் வைத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். வழியில் அது நனைந்து பாழானால் கேஸ் அம்போ! தாய்க்கு எச்.ஐ.வி. இருந்து பிறந்த குழந்தையின் ரத்தத்துக்கும் இதே கதைதான்.

பெரியவர்களுக்குச் செய்கிற சாதாரண டெஸ்ட் இந்தக் குழந்தைக்கு உதவாது. தாயின் எதிர்ப்புப் பொருள் 18 மாதம் வரைகூட பிள்ளை ரத்தத்தில் ஓடும். நோயே இல்லாத பிள்ளைக்கும் 'இருக்கு' என்று காட்டிவிடும்! அதனால் வைரசையே நேராகத் தேட வேண்டும். அந்த மிஷின் பெரிய ஊர் ஆய்வுக்கூடத்தில்தான் உண்டு.

அட்டையில் ரத்தம்

பிறந்த 6-வது வாரம் குதிகாலில் லேசாகக் குத்தி, அட்டையில் உள்ள 5 வட்டங்களில் சொட்டு விடுகிறார்கள். இந்தியாவில் 2010 முதல் இந்த முறை நடக்கிறது. காய்ந்த அட்டைக்கு ஐஸ் பெட்டி வேண்டாம். கவரில் போட்டு அனுப்பலாம்.

ஆனால் அட்டை நன்றாகக் காய வேண்டும். குறைந்தது 4 மணி நேரம், வெயில் படாமல், படுக்கை வாட்டில். மரக்காணம் உப்பளக் கரையில் மழைக்காலத்துக் காற்று எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லவா வேண்டும்? இங்கே ராத்திரி முழுக்க காயவிடுவதே நல்லது. பையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலமும், ஈரம் காட்டும் சின்ன அட்டையும் வைக்கிறார்கள். நீலம் ரோஸ் ஆனால் ஆபத்து! உடனே பொட்டலத்தை மாற்ற வேண்டும்.

அன்று ரெயிலில் போன ரத்தம்

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா ரத்தம் சேகரித்தார். வீட்டு பிரிட்ஜில் வைத்து, ஐஸ் பெட்டியில் ராத்திரி ரெயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். 6 பேருக்கு தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ரத்தம் வழியில் கெட்டிருந்தால்?

கூலி போச்சு!

அட்டை கெட்டால் தாய் மறுபடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். உப்பளக் கூலிக்காரிக்கு அன்றைய சம்பளம் போச்சு. 'எதுக்கு மறுபடி?' என்று அக்கம்பக்கம் கேட்கும். பயந்து வராமலே நின்றுவிட்டால்?

நாளைக் கடத்தவும் முடியாது. தொற்று ஏறிய குழந்தைக்கு மருந்து கிடைக்காவிட்டால் இரண்டில் ஒன்று 2 வயதைத் தாண்டாது என்பது உலகம் பார்த்த கணக்கு.

பயப்படவும் வேண்டாம். சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவது 100-க்கு 15 முதல் 45 வரை. தாயும் பிள்ளையும் ஒழுங்காக மருந்து எடுத்தால் 5-க்கும் கீழே!

ஆக, லேபில் எத்தனை லட்சத்துக்கு மிஷின் இருந்தாலும் சரி, முதல் வேலை கிராமத்து நர்சம்மா கையில்தான். காய வைக்க ஈரமில்லாத ஒரு அறை, தீராத பொட்டலம், அட்டை எந்தத் தேதியில் கிளம்பியது, எந்தத் தேதியில் சேர்ந்தது என்று ஒரு நோட்டு. இவ்வளவுதான் செலவு. இதைக்கூடச் செய்யாமல் குழந்தையை மறுபடி குத்துவது என்ன நியாயம்?