எடை ஏன் இறங்க மறுக்கிறது?

உடம்பு எடையைக் குறைக்க முயல்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள் ஓர் இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

முதல் மாதம் மூன்று கிலோ இறங்கும். அடுத்த மாதம் இரண்டு கிலோ. அப்புறம் ஒன்று. பிறகு நின்றுவிடும்! அதே நடை. அதே சாப்பாடு. நோட்டில் கலோரிக் கணக்கும் தவறாமல் எழுதியாகிறது. எடை மெஷின் மட்டும் அசைய மறுக்கிறது.

"இனி என்ன பிரயோசனம்?" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் தவறு. இரண்டாவது, ஆபத்தும் கூட.

கணக்கு செய்த குழப்பம்

கலோரி என்றால் என்ன? துணிக்கு மீட்டர், பாலுக்கு லிட்டர். அதுபோல உணவு தரும் சக்திக்குக் கலோரி.

1958-ல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு பவுண்டு எடை (ஏறக்குறைய அரைக் கிலோ) குறைய 3,500 கலோரி குறைய வேண்டும். தினம் 500 கலோரி குறைத்தால் வாரம் ஒரு பவுண்டு. சுலபமான கணக்கு! அதனால் எங்கும் பரவிவிட்டது.

இதை அப்படியே நம்பினால் என்ன ஆகும்? 80 கிலோ உள்ளவர் மூன்றரை வருஷத்துக்குள் காணாமலே போய்விடுவார்!

அப்படி யாரும் மறைந்ததில்லை. உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறைந்துகொண்டே வருகிறது. 80 கிலோ உடம்பைச் சுமந்துகொண்டு ஐந்து கிலோமீட்டர் நடப்பது வேறு. 72 கிலோவைச் சுமந்து நடப்பது வேறு. தூரம் ஒன்றுதான். செலவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தூங்கும்போதும் அப்படியே. சிறிய உடம்புக்குச் சிறிய செலவு.

ஆகவே, முதல் மாதம் குறைவாக இருந்த அதே சாப்பாடு, நாலாம் மாதம் சரியான சாப்பாடு ஆகிவிடுகிறது. வரவும் செலவும் சமம். எடை எப்படி இறங்கும்?

பட்டினி கிடந்த 36 பேர்

பட்டினி கிடந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் காலம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 1945-ல் 24 வாரம் அவர்களுக்கு அரைப்பட்டினி. நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும். (இன்று 'டயட்' என்று இதைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு!)

எடையில் கால் பங்கு போயிற்று. கூடவே வேறு பலவும் போயின. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி சுமார் 40 சதவீதம் குறைந்தது. உடம்பு சில்லிட்டது. தலை சுற்றியது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள்!

வரும்படி குறைந்த குடும்பம் சிக்கனம் பிடிப்பதுபோல் உடம்பும் சிக்கனம் பிடிக்கிறது. அது வியாதி அல்ல. பஞ்ச காலத்தில் மனிதனைக் காப்பாற்றிய குணம் அது. அதோடு சண்டை போட்டால் தோற்பது மனிதன்தான்.

எழுதாத சாப்பாடு

இன்னொரு காரணமும் உண்டு. சொன்னால் பலருக்குக் கோபம் வரும்.

"1,200 கலோரிக்குக் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் இளைக்கவில்லை" என்று சொன்ன 10 பேரை நியூயார்க்கில் ஆராய்ந்தார்கள். முடிவு 1992-ல் வெளிவந்தது. விசேஷத் தண்ணீரைக் குடிக்கச் செய்து, சிறுநீரைச் சோதித்து, உடம்பின் செலவைக் கண்டுபிடிக்கும் முறை அது. அவர்கள் எழுதியது சராசரி 1,028 கலோரி. உண்மையில் சாப்பிட்டதோ 2,081! செய்த உடற்பயிற்சியையும் ஒன்றரை மடங்காகச் சொல்லியிருந்தார்கள்.

அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. யார் வீட்டில்தான் இது நடக்கவில்லை? நோட்டில் "தோசை 2" என்று இருக்கும். அதற்கு விட்ட எண்ணெய் இருக்காது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஏறக்குறைய இரண்டு இட்லிக்குச் சமம்! குழந்தை மிச்சம் வைத்த சோறு, "வீணாகப் போகிறதே" என்று தாயார் வாயில் போட்டுக்கொள்ளும் அப்பளம், டி.வி. பார்க்கையில் கொறித்த கடலை, விருந்தாளியோடு குடித்த இரண்டாவது காப்பி... எதுவும் கணக்கில் ஏறுவதில்லை. முதல் மாதம் எல்லாவற்றையும் அளந்தவர்கள், நாலாம் மாதம் கண்ணாலேயே அளக்கிறார்கள். கண் எப்போதும் தாராளமாக அளக்கும்.

என்ன செய்யலாம்?

முதலில் பதற்றம் வேண்டாம். ஊறுகாய், அப்பளம் அதிகமானால் உடம்பில் நீர் தங்கும். மாதவிலக்கை ஒட்டியும் தங்கும். ஒரு கிலோ, இரண்டு கிலோ அதிலேயே மறைந்துவிடும். நாலு வாரம் பார்த்த பிறகுதான் "நின்றுவிட்டது" என்று சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரே ஒரு வாரம் மறுபடியும் எல்லாவற்றையும் அளந்து எழுத வேண்டும். வாரத்துக்கு வேண்டிய எண்ணெயைத் தனிப் பாட்டிலில் அளந்து வைத்தால் போதும். வாரக் கடைசியில் உண்மை தெரிந்துவிடும்!

கணக்கு சரியாக இருந்தும் எடை இறங்கவில்லையா? இன்றைய எடைக்குப் புதுக் கணக்குப் போட வேண்டும். நாளுக்கு நூறு, நூற்றைம்பது கலோரி குறைத்தால் போதும்; அல்லது நடையைக் கொஞ்சம் கூட்டலாம். நடை மட்டும் போதாது. பட்டினியில் கொழுப்போடு தசையும் கரைகிறது. தசையைக் காக்க, கனம் தூக்கும் பயிற்சி வாரம் இரண்டு முறையாவது வேண்டும். தண்ணீர் நிரப்பிய பாட்டிலே போதும். தட்டில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் குறையக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் நகராவிட்டால் ஓரிரு மாதம் அங்கேயே நிற்பதில் தவறில்லை. "இன்னும் இறங்கலையா?" என்று வீட்டார் கேட்பார்கள். கேட்கட்டும்!

2002-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியை அவர்களுக்குக் காட்டலாம். சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 3,000-க்கு மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கொடுத்த இலக்கு: எடையில் 7 சதவீதம் குறைய வேண்டும், வாரம் 150 நிமிஷம் நடக்க வேண்டும். சுமார் மூன்று வருஷத்தில் அவர்களிடையே சர்க்கரை நோய் 58 சதவீதம் குறைந்தது.

80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோதான். 72-ல் "நின்றுவிட்டதே" என்று அழுகிறவர், அதைத் தாண்டி இரண்டு கிலோவுக்கு மேல் வந்துவிட்டார்.