வீடு சரி, பிழைப்பு?

பழங்காலச் சின்னங்களுக்குப் பக்கத்தில் மக்களுக்குக் குடியிருப்பு கட்டுவது பற்றிப் பேச்சு வந்தாலே எனக்குக் குர்னாதான் நினைவுக்கு வரும். எகிப்தில் லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், சுண்ணாம்புக்கல் குன்றுச் சரிவில் இருந்த ஊர் அது. அந்தச் சரிவு நெடுகப் பார்வோன் காலத்துப் பிரபுக்களின் கல்லறைகள். 3,000 ஆண்டுகளுக்கும் முன்பே பாறையைக் குடைந்து, சுவரெல்லாம் வண்ண ஓவியம் தீட்டியவை. அவற்றின் வாசலிலும் மேலேயும் ஏறத்தாழ 7,000 பேர் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். கல்லறையையே வீட்டின் ஓர் அறையாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

பிழைப்பும் அந்தக் குன்றிலேயே. அகழாய்வுக்கு வரும் குழுக்களிடம் மண் வெட்டப் போவார்கள். பயணிகளுக்கு வழிகாட்டுவார்கள். பழம்பொருள் போலவே செதுக்கி விற்பார்கள். நிஜமான பழம்பொருளையும் இரவில் தோண்டி விற்பார்கள். 1940களில் ஒரு கல்லறையின் புடைப்புச் சிற்பம் பாறையோடு பெயர்க்கப்பட்டுக் காணாமல் போனது. அதற்குமேல் தொல்லியல் துறை பொறுக்கவில்லை. ஊரையே கீழே வயல்வெளிக்கு மாற்றுவதென்று முடிவெடுத்தது. துறையின் பக்கமும் நியாயம் உண்டு. திருட்டு ஒருபுறம் இருக்க, வீட்டுக் கழிவுநீர் சுண்ணாம்புப் பாறையில் இறங்கினால் கீழே இருக்கும் ஓவியம் என்னவாகும்?

புது ஊரைக் கட்டும் பொறுப்பு 1945இல் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியிடம் வந்தது. அதற்குமுன், போர்க்காலத்தில் எகிப்தில் மரமும் இரும்பும் கிடைக்காமல் போயிருந்தன. மண்ணால் சுவர் எழுப்பிவிடலாம், கூரைக்கு என்ன செய்வது என்று தவித்தவர் அவர். முட்டுக்கொடுக்க மரமில்லாமல் அவர் முயன்ற மண் வளைவுகள் சரிந்து விழுந்தன. அஸ்வான் அணையில் பொறியாளராக இருந்த அவருடைய அண்ணன்தான், தெற்கே வாழும் நூபியர்கள் முட்டே இல்லாமல் வளைவுக் கூரை போடுவார்கள் என்று சொன்னார். ஃபாத்தி அஸ்வான் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் அந்தக் கொத்தனார்களைத் தேடிப் பிடித்தார்.

அவர்கள் வேலை செய்யும் விதம் நேர்த்தியானது. முதலில் அறையின் பின்சுவரை உயரமாகக் கட்டிவிடுவார்கள். பக்கச் சுவர்களின் மேல் ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்று, பின்சுவரில் ஈர மண்ணை அப்பி, நூலும் அளவுகோலும் இல்லாமல் கண்ணளவிலேயே வளைவின் கோட்டைச் செதுக்குவார்கள். கூரைக்கான செங்கல் தனி ரகம். சூளையில் வைக்காமல் வெயிலில் காய்ந்தது, கனம் குறைய வைக்கோல் கூடுதலாகச் சேர்த்தது, 5 சென்டிமீட்டர் தடிமன்தான். ஈரமாக இருக்கும்போதே அதன் முகத்தில் விரலால் பள்ளம் கீறிவிடுவார்கள். சேறு தடவி வைத்தால் அந்தப் பள்ளம் கல்லைப் பிடித்துக்கொள்ளும். முதல் வரிசையைப் பின்சுவரில் சாய்த்து ஒட்டுவார்கள், அடுத்ததை அதன்மேல் சாய்ப்பார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தியதன் தோளில் சாய்ந்தபடியே அறை மூடிக்கொள்ளும். முட்டுக்கு ஒரு மரத்துண்டுகூடத் தேவையில்லை. இரண்டாம் ராம்சேஸ் கட்டிய ராமெசியம் கோயிலின் பின்புறத்தில் தானியக் கிடங்குகள் இதே மண்வளைவில் 3,200 ஆண்டுகளாக நிற்கின்றன. குர்னா மக்கள் வாழ்ந்த சரிவுக்குக் கீழேயே இருக்கிறது அந்தக் கோயில்.

கூட்டாக வாழ்வதற்கு ஃபாத்தி வரைந்த வரைபடம் என்னைக் கவர்ந்தது. ஒரே அளவு வீடுகளை வரிசைகட்டி நிறுத்த அவர் மறுத்தார். உறவுமுறையில் ஒன்றாக வாழ்ந்த குடும்பங்கள் ஒரு பொது முற்றத்தைச் சுற்றி வருமாறு அமைத்தார். கல்யாணமோ சாவோ அந்த முற்றத்தில் நடக்கும். தெருக்களை வேண்டுமென்றே வளைத்தார். அந்நியர் குறுக்கே புகுந்து நடக்கத் தயங்குவார்கள் என்பது கணக்கு. மசூதி, சந்தை, நாடக அரங்கு, பள்ளிகள், கைத்தொழில் கற்க ‘கான்’ என்ற ஒரு கட்டடம், எல்லாம் வரைபடத்தில் இருந்தன.

ஆனால் ஊர்க்காரர்கள் வர மறுத்தார்கள். நைல் பெருக்கெடுத்த சமயத்தில் புது ஊரைக் காத்த கரையை யாரோ வெட்டிவிட்டார்கள். அதிகாரிகள் தரப்பில் பணமும் பொருளும் இழுபறி. 1948இல் வேலை நின்றது. திட்டமிட்டதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் எழும்பியிருந்தது. இந்தக் கதையை ஃபாத்தியே 1969இல் புத்தகமாக எழுதினார். ஃபாத்தி வீடுகளில் வைத்த குவிமாடம் ஊர்க்காரர்கள் கண்ணுக்குச் சமாதிபோலத் தெரிந்தது, அதனால்தான் வரவில்லை என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை. சோறு போட்ட குன்றை விட்டு வரச் சொன்னபோது அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெசவும் மண்பாண்டமும் கற்றுத்தந்து அந்த வருமானத்தை ஈடுகட்டிவிடலாம் என்று ஃபாத்தி நம்பினார். நல்ல மனசு, ஆனால் தொழில் ஊன்றிக் காசு கையில் வந்த பிறகு பேசவேண்டிய இடமாற்றத்தை முதலிலேயே பேசினார்கள். இடமாற்ற முடிவு அவருக்கு மேலே இருந்தவர்கள் எடுத்தது. பழி மட்டும் அவர் மண்கல்லின்மேல் விழுந்தது.

பின்னாளில் அந்த வீடுகளில் ஆட்கள் குடியேறினார்கள். பிள்ளைகுட்டி பெருகியபோது வளைவுக் கூரையின் மேல் மாடி எடுக்க முடியவில்லை. உப்பேறிய நிலத்தடி நீர் அடிச்சுவரை அரித்தது. பல வீடுகளை இடித்துக் கான்கிரீட் போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வருத்தம் வேறொன்றில். 2006 டிசம்பரில் அரசு பழைய குர்னாவை இடிக்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சரிவு ஏறக்குறையக் காலியானது. மக்களை வடக்கே ஒரே மாதிரி வீடுகள் கொண்ட புதுக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். 60 ஆண்டு இடைவெளியில் அதே ஊருக்கு அதே உத்தரவு. இம்முறை வளைந்த தெருவும் இல்லை, உறவுக்காரர் கூடும் முற்றமும் இல்லை. கல்லறையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்குள்ளேயே வளர்ந்தவர்களைக் காவலர்களாக, செப்பனிடும் கைகளாகச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

ஃபாத்தியின் வேலை அப்படியே மறைந்துவிடவில்லை. அவர் பெயரிலான விருது ஒன்று 1992இல் நம் ஆரோவில்லின் பார்வையாளர் மையத்துக்குக் கிடைத்தது. அவருடைய புதுக் குர்னாவில் மிஞ்சிய மசூதியையும் கானையும் அரங்கையும் யுனெஸ்கோ துணையோடு செப்பனிட்டிருக்கிறார்கள். லக்சர் போகிறவர்கள் அரசர் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டாம். ராமெசியத்தின் பின்புறக் கிடங்குகளைப் பாருங்கள். பிறகு மெம்னான் சிலைகளைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருக்கும் ஃபாத்தியின் ஊருக்குப் போய், அங்கே குடியிருப்பவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாருங்கள்.