கறுப்பு மணலும் வெள்ளைச் சாயமும்

உலகச் சந்தையிலே நியாயத்தைக் காப்பதற்காகத் தீர்வை போடுகிறார்களாம்! ஒரு நாட்டு முதலாளி தன் ஊரில் விற்கும் விலைக்கும் குறைவாக அயல்நாட்டில் சரக்கைக் கொண்டுபோய்க் குவித்தால், அங்குள்ள தொழில் நசிந்துவிடும். ஆகவே அச்சரக்கின்மீது குவிப்புத் தடுப்புத் தீர்வை. 1904இல் கனடா காட்டிய வழி இது. 1947இல் காட் ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவாயிற்று; மறு ஆண்டே இலங்கையும் அவ்வொப்பந்தத்தில் சேர்ந்தது. கேட்பதற்கு இனிமைதான். ஆனால் யாருக்கு நியாயம்? குச்சவெளியில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

திருகோணமலையிலிருந்து கரையோரமாக வடக்கே செல்பவர் நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து, குச்சவெளிப் பிரதேசத்தையே சேர்ந்த புல்மோட்டையை அடைவார். அங்கே கடற்கரை கறுத்துக் கிடக்கும். அதுதான் இல்மனைற், வாடைக்காற்றுக் காலத்து அலைகள் கரை சேர்த்த செல்வம். இதற்கென்றே 1957இல் அரசு கனிய மணற் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. பின்னர் அது அரசுக் கம்பெனியாக மாறியது. பெயர் மாறியதேயன்றி வேலை மாறவில்லை: மணலை அள்ளு, கழுவு, காந்தத்தால் பிரி, கப்பலேற்று. இடையே போர் குறுக்கிட்டது உண்மை. அப்போர் 2009இல் முடிந்துவிட்டதே!

கப்பலேறிய மணல் அயல்நாட்டு ஆலைகளில் கந்தக அமிலத்தில் கரைந்து, இரும்பை இழந்து, தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்தூளாகிறது. சுவர்ப் பூச்சிலும் காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் வெண்மை தருவது அதுவே. கறுப்பாகப் போனது வெள்ளையாகி, பெயின்ற் பேணியில் அடைபட்டு, நம்மிடமே விலை பேச வருகிறது.

இந்த வெண்தூளுக்காகத்தான் இன்றைய வழக்குகள். சீனத்துத் தூள் மலிவாக வந்து குவிகிறதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் நிரந்தரத் தீர்வை விதித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இந்தியாவும் விதித்தது. பெயின்ற் விலை ஏறுமென்று அங்குள்ள சாயத் தொழிலதிபர்கள் கூக்குரலிட்டார்கள். முதலாளிக்கும் முதலாளிக்கும் நடக்கும் பங்காளிச் சண்டை அது, நமக்கு வேண்டாம். அந்த விசாரணைகளில் மணலின் விலை செலவுக் கணக்கில் ஒரு வரி. மணலுக்கு உரியவன் வாதியுமல்லன், சாட்சியுமல்லன்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2018ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் முறையிட வேண்டுமானால், அதே பொருளைச் செய்யும் உள்நாட்டுத் தொழில் இருக்க வேண்டும். வெண்தூள் செய்யும் ஆலை நம்மிடம் எங்கே? விற்பவன் விலையைக் குறைத்தால் குற்றமென்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள், வாங்குபவன் ஏழை நாட்டின் மூலப்பொருளை அடிமாட்டு விலைக்குக் கேட்பதைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதவில்லை.

“அப்படியானால் ஆலை கட்டுவோம்” என்று மேடையில் முழங்குவோர் உண்டு. கட்டத்தான் வேண்டும். ஆனால் அமிலக் கழிவு எங்கே போகும்? கரைவலை இழுப்பவனின் கடலுக்கா? மணலும் போய், மீனும் போனால் அவன் எதை விற்பான்? ஆலைத் திட்டம் கொழும்பில் கையொப்பமாகுமுன் குச்சவெளி மக்கள்முன் தமிழில் படிக்கப்பட வேண்டும். அதுவரை, புல்மோட்டையில் ஏறும் ஒவ்வொரு கப்பலின் மணலும் யாருக்கு, தொன் என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதைப் பிரதேச செயலக வாசலில் எழுதி ஒட்டட்டும்.