திரையிட்ட வண்டியும் வண்டிக்காரரும்

 

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகைத் தொழிற்பேட்டைகளில் தொழில் பழகிய பின் துபாய்க்குப் பிழைக்கச் சென்ற பிள்ளைகளின் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். இஷா தொழுகை முடிந்ததும் மகனின் முகம் காணத் தாய் ஏங்குகிறாள். ஐக்கிய அரபு அமீரகத்திலோ வாட்ஸ்அப் வழியே செய்தி அனுப்ப இயலுமே தவிர, பேசவும் முகம் பார்க்கவும் அனுமதியில்லை. "வி.பி.என். ஒன்றை ஏற்றிக்கொள், இலவசந்தான்" என்கிறார் உடன் தங்கியிருக்கும் நண்பர். மகன் ஏற்றிக்கொள்கிறான். அவனைப் பார்த்து ஊரிலுள்ள தம்பியும் தன் கைப்பேசியில் அதையே ஏற்றிக்கொள்கிறான்.

வி.பி.என். என்பது யாது? நம் பாட்டிமார் திரையிட்ட மாட்டு வண்டியில் உறவினர் வீடு சென்ற காலத்தை நினைவுகூருங்கள். உள்ளே இருப்பவர் யார் என்பது தெருவுக்குத் தெரியாது. இந்தச் சேவையும் அத்தகையதே. நம் கைப்பேசியிலிருந்து புறப்படும் தகவலைப் பூட்டி, வேறொரு கணினிக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து வெளியே அனுப்புகிறது. நமக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனம் நாம் செல்லும் தளங்களை அறியாது. அத்தளங்களும் நம் உண்மையான இணைய முகவரியை அறியமாட்டா. தொழிற்சாலைக் கணினியை வீட்டிலிருந்தே இயக்கும் ஊழியர்களும் இவ்வகை ஏற்பாட்டையே பயன்படுத்துகின்றனர். எனவே கருவி தன்னளவில் தீயதன்று.

ஆனால், தெரு அறியாததை வண்டிக்காரர் அறிவாரல்லவா? எந்த வீட்டில் ஏறினோம், எங்கே இறங்கினோம் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, வண்டிக்காரர் யார் என்பதே.

ஓனாவோ என்னும் இலவச வி.பி.என். செயலியை ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் வாங்கியது. மக்களின் தகவலைக் காப்பதாகக் கூறிய அச்செயலி, அவர்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகின்றனர் என்பதைத் திரட்டித் தன் உரிமையாளரின் வணிகத்துக்கு அளித்தது. இதன்பொருட்டு 2023 ஜூலையில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் அதன் இரு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கூலி வாங்காத வண்டிக்காரர் வேறெங்கோ கூலி பெறுகிறார் என்பதை மறவாதீர்கள்.

இதற்கு மாறானவர்களும் உளர். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் நாட்டுக் காவல்துறையினர் முல்வாட் என்னும் வி.பி.என். நிறுவனத்தைச் சோதனையிட வந்தனர். வாடிக்கையாளர் பற்றிய பதிவேடே தன்னிடம் இல்லாமையால் அவர்கள் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று அந்நிறுவனம் அறிவித்தது.

நம் நாட்டின் நிலை என்ன? அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் ஆணை பிறப்பித்தது. வி.பி.என். நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றைச் சரிபார்த்து ஐந்தாண்டுகள் காத்து வைக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. அலுவலகங்கள் தம் ஊழியருக்கென நடத்தும் வி.பி.என்.களுக்கு இது பொருந்தாது. குற்றவாளிகளைக் கண்டறிய இது தேவை என்றது அரசு. பதிவேடு வைப்பது தம் கொள்கைக்கே முரண் என்று கூறி, எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ப்ஷார்க் முதலிய நிறுவனங்கள் தம் கணினிகளை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன.

அமீரகச் சட்டமோ இன்னும் கடுமையானது. குற்றம் புரியவோ, புரிந்த குற்றத்தை மறைக்கவோ இணைய முகவரியை மாற்றிக்கொள்வோருக்கு, 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டப்படி, சிறையோ, ஐந்து லட்சம் முதல் இருபது லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தாயின் ஏக்கம் நியாயமானதே. அதற்காக மகனின் பிழைப்பைப் பணயம் வைக்கலாகுமா? அந்நாட்டு அரசு அனுமதித்த போட்டிம் போன்ற செயலிகள் இருக்கின்றன. அவற்றின் வழியே பேசச் சொல்லுங்கள்.

பிறர் இல்லத்தில் நுழையுமுன் ஸலாம் உரைத்து அனுமதி பெறுவது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். வீட்டின் அந்தரங்கத்தைப் பேணுதல் குற்றவாளியின் செயலன்று, கண்ணியத்தின் அடையாளம். அதை நாமே முன்பின் அறியாதவரிடம் ஒப்படைத்துவிடக் கூடாது என்பதே இங்கு நம் கவலை.

இன்றிரவே பிள்ளைகளை அருகில் அமர்த்தி அவர்களுடைய கைப்பேசியைப் பாருங்கள். கடிந்துகொள்ள வேண்டாம், கேளுங்கள். இந்த வி.பி.என். யாருடையது? எந்த நாட்டிலுள்ளது? எதனால் அதற்கு வருமானம்? வெளியார் எவரேனும் அதைத் தணிக்கை செய்துள்ளனரா? விடை தெரியாத செயலியை அப்போதே நீக்கிவிடுங்கள்.