கவும், மில்லத், வதன்: மூன்று சொற்களும் சில எல்லைக்கோடுகளும்

"நீங்கள் எந்த நாட்டவர்?" என்னும் வினாவை நம் பிள்ளைகள் பள்ளியிலும் ரயில் பயணத்திலும் எதிர்கொள்கிறார்கள். கேட்பவர் சில வேளை அறியாமையால் கேட்கிறார். சில வேளை புண்படுத்தவே கேட்கிறார். ஆம்பூரில் வீட்டில் உருது பேசி வளரும் பிள்ளைக்கு இவ்வினாவின் சுமை இரு மடங்கு. கோபப்படுவது எளிது. எனினும், அரசு, தேசம், எல்லை ஆகிய சொற்களை நாமே ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டிருக்கும் வரை அப்பிள்ளைக்கு நம்மால் தெளிவான விடை தர இயலாது.

அரசு என்பது சட்டப் பொருள். 1933ஆம் ஆண்டின் மாண்டிவிடியோ உடன்படிக்கை அதற்கு நான்கு இலக்கணங்கள் கூறிற்று: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல். தேசமோ மக்கள் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் உணர்வு; அதற்கு முத்திரையும் கடவுச்சீட்டும் தேவையில்லை. குர்துகள் துருக்கி, ஈரான், இராக், சிரியா ஆகிய நான்கு அரசுகளில் பிரிந்து வாழ்கிறார்கள். தமக்கென அரசு இல்லை. அரபு மொழியாலும் பெரும்பாலும் ஒரே மார்க்கத்தாலும் இணைந்தவர்களுக்கோ அரபு லீகில் 22 உறுப்பு நாடுகள். நம் தமிழில் 'நாடு' என்ற ஒரு சொல்லே இந்தியாவையும் தமிழ்நாட்டையும், சோழர் காலத்தில் சில ஊர்களின் தொகுதியையும் சுட்டி வந்திருக்கிறது. குழப்பம் நேர்வதில் வியப்பில்லை.

அரசு வேறு, சமுதாயம் வேறு என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 1749 ஆகஸ்டு 3 அன்று நம் ஆம்பூரிலேயே கர்நாடக நவாப் அன்வருத்தீன் கான் போரில் மாண்டார். அவரை எதிர்த்து நின்றவர்கள் முஸாஃபர் ஜங்கும் சந்தா சாகிபும். அவர்களுக்குத் துணை நின்றது பிரெஞ்சுப் படை. இரு தரப்பின் தலைவர்களும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்களே. அன்று மோதியவை அரசுரிமைக் கோரிக்கைகள்.

உருது பேசும் நம் வீடுகளில் இதற்குக் கூர்மையான சொற்கள் உண்டு: கவும், மில்லத், வதன். 1938இல் இவற்றின் பொருள் பற்றியே பெரும் வாதம் எழுந்தது. தேவ்பந்தின் மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனீ, இக்காலத்தில் கவும் என்பது வதனால், அதாவது தாய்மண்ணால் அமைகிறது என்றார்; மில்லத் என்பது மார்க்கத்தால் அமைவது; ஆகவே ஒரே மண்ணில் வாழும் முஸ்லிமும் இந்துவும் ஒரே கவுமாக இருப்பதில் மார்க்கத்துக்கு முரண் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. அல்லாமா இக்பால் அதைக் கடுமையாக மறுத்தார். இருவரையும் நாம் மதிக்கிறோம். ஆயினும் வரலாறு மதனீயின் பக்கமே சான்று பகர்ந்தது என்பது நம் கருத்து. மார்க்கத்தின் பெயரால் 1947இல் உருவான அரசில், 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடியவர்கள் சுடப்பட்டனர். 1971இல் அவ்வரசு இரண்டாயிற்று.

அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம், மனிதர்கள் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என உணர்த்துகிறது. வேறுபாடு இருப்பதை அது மறுக்கவில்லை. இதை வாழ்ந்து காட்டியவர் முஹம்மத் இஸ்மாயில் சாகிப். மக்கள் அவருக்கு அளித்த பட்டமே 'காயிதே மில்லத்'. அந்த மில்லத்தின் தலைவர்தான் 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையின் மொழி விவாதத்தில், தொன்மையே அளவுகோல் எனில் தமிழுக்கே முதலிடம் என வாதாடினார். திருநெல்வேலியில் பிறந்த அவரை மலையாளம் பேசும் மஞ்சேரித் தொகுதி 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்கு அனுப்பியது. மொழியின் எல்லையும் மாநிலத்தின் எல்லையும் அவருக்குத் தடையாக இருக்கவில்லை. அவற்றை அழிக்க வேண்டுமென்றும் அவர் கேட்கவில்லை.

எல்லைக்கோட்டின் இயல்பும் விந்தையானது. 2019 நவம்பர் 28 அன்று நாம் ஓர் அடியும் நகராமலே வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றோம். ரேஷன் அட்டையில் மாவட்டப் பெயர் மாறியதே தவிர வேறு வலி இல்லை. பாலாற்றின் கதை அப்படியன்று. நந்திமலைப் பகுதியில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் அவ்வாறு, கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் எனப் பங்கிடப்பட்டிருக்கிறது. சென்னை மாகாணமும் மைசூரும் 1892இல் செய்த உடன்பாடு இன்றும் வாதத்துக்குரியதாக உள்ளது. குப்பம் பகுதியில் தடுப்பணை எழும்போதெல்லாம் நாம் கொதிக்கிறோம், அது நியாயமே. ஆனால் நம் பகுதித் தோல் ஆலைகளின் கழிவு கீழ்நிலத்து உழவர்களின் கிணறுகளைச் சென்றடைந்ததையும், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அதன் பொருட்டுத் தீர்ப்பளித்ததையும் அதே மூச்சில் நினைவுகூர வேண்டும். அக்கழிவு சென்ற வழியில் எல்லைக்கோடு ஏதும் இருக்கவில்லை.

நம் ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். மாலை மதரஸாவில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இம்மூன்று சொற்களையும் பாலாற்றின் வரைபடத்தையும் பிள்ளைகளுக்கு விளக்குங்கள். உருது வீட்டுப் பிள்ளை தமிழில் ஒரு பக்கம் பிழையின்றி எழுதவும், தமிழ் வீட்டுப் பிள்ளை உருதுவில் தன் பெயரையேனும் எழுதவும் அந்த நேரத்திலேயே பயிற்சி தரலாம். வரும் ஷவ்வாலில், புதிய கல்வியாண்டோடு இதைத் தொடங்கலாம்.