விளக்கு எரிந்தால் வண்டி நிற்க வேண்டும்

விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பனியிலும் கொசுக்கடியிலும் மரம் சீவி, வாளி வாளியாய்த் தூக்கி வந்து நிறுத்துக் கொடுக்கும் பால் எங்கே போகிறது என்பது தோழர்கள் அறியாததன்று. உலகில் விளையும் இயற்கை ரப்பரில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு டயராகிறது. அதிலும் கார் டயரைவிட லோரி டயருக்கும் பஸ் டயருக்குமே இயற்கை ரப்பர் அதிக விகிதத்தில் சேர்க்கப்படுகிறது. பாரம் சுமந்து நெடுந்தூரம் ஓடும் டயர் சூடேறும். அந்தச் சூட்டைக் குறைவாக எழுப்பி, எளிதில் கிழியாமல் தாங்கும் குணம் மரத்துப் பாலில் பிறந்த ரப்பருக்கு உண்டு. ஆகவே டயரைப் பற்றிப் பேசுவது பால்மரத் தொழிலாளிக்குப் புறம்பான பேச்சாகாது.

இன்னொரு காரணமும் உண்டு. அது முன்னதைவிடப் பெரிது. ஜொகூர் மாநிலத்தில் பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. வேறு பல இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் ஆலைப் பேட்டைகளாகவும் மாறிவிட்டன. குளுவாங்கிலும் லாபிசிலும் சிகாமட்டிலும் கூலாயிலும் தோட்டத்து லயங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று கத்தி பிடிக்கவில்லை, ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலும், பாசிர் கூடாங், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகங்களுக்குக் கொள்கலன் இழுக்கும் டிரெய்லரிலும், ஆலைத் தொழிலாளரை ஏற்றும் பஸ்ஸிலும் அவர்களைக் காணலாம். அவர்களுடைய தங்கைமார் அதே பஸ்ஸில் இரவு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். தகப்பன் வெட்டிய பாலின்மேல் மகன் உருண்டுகொண்டிருக்கிறான்.

அந்த டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் யார்? குறைந்திருந்தால் வண்டியை நிறுத்துபவர் யார்? இதுவே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

பாரத்தைச் சுமப்பது ரப்பர் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதைச் சுமப்பது ரப்பருக்குள் அடைபட்ட காற்றுதான். பெரிய லோரியின் டயரில் சதுர அங்குலத்துக்கு 100 ராத்தல் அல்லது அதற்கும் மேலாக அழுத்தம் தேவைப்படும். அது குறையக் குறைய, டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். மடங்கி நிமிர்வதால் சூடு பிறக்கும். ரப்பரோ வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். உள்ளே பிறந்த சூடு உள்ளேயே தங்கும். ஓட்டுனர் ஒன்றும் அறியார். ஒட்டியிருந்த அடுக்குகள் பிரியும். பிறகு ஒரு வெடிச்சத்தம்! முன் சக்கரமானால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரட்டைச் சக்கரங்களில் ஆபத்து இன்னும் மறைவானது. உள்பக்க டயரில் காற்றுப் போனால் வெளிப்பக்கத்து டயர் இருவர் பாரத்தையும் ஒருவனாகச் சுமக்கும். வெளியே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும். இரும்புக் கம்பியால் தட்டிச் சத்தத்தைக் கேட்டுக் காற்றை மதிப்பிடுவது ஓட்டுனர்களின் பழைய வழக்கம். முற்றிலும் காற்றுப்போன டயரை அது காட்டிக் கொடுக்கும். கால் பங்கு காற்றுக் குறைந்த டயரைக் காட்டிக் கொடுக்குமா? காட்டாது. 22 டயர் உள்ள டிரெய்லரை, துறைமுக வாசலில் பின்னால் வரிசை நிற்கும்போது, ஒவ்வொன்றாக அளவி வைத்துப் பார்க்க யார் நேரம் தருகிறார்கள்?

இந்தக் குறையைத் தீர்க்கவே டயர் காற்றழுத்தக் கண்காணிப்புக் கருவி வந்திருக்கிறது. சக்கரத்தின் உள்ளேயோ காற்றடைக்கும் வால்வின் மேலோ ஒரு சிறு உணர்வி பொருத்தப்படுகிறது. காற்றின் அழுத்தத்தையும் சூட்டையும் அது அளந்து, ரேடியோ அலை வழியாக ஓட்டுனர் முன்னாலுள்ள பெட்டிக்குச் சொல்கிறது. அளவு குறைந்தால் விளக்கு எரியும், மணி ஒலிக்கும். கம்பெனிகள் பல வண்டிகளைச் சேர்த்து நடத்தும் இடங்களில், அதே செய்தி தொலைபேசி அலை வழியாக அலுவலகத்துத் திரைக்கும் போய்ச் சேர்கிறது.

வெளிநாடுகளில் இந்தக் கருவி சட்டமானது எப்படி? அதிலும் ரப்பர் தோட்டத்தின் வாசனை உண்டு. 1926-ல் ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டில் பத்து லட்சம் ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளும் உரிமையோடு 99 ஆண்டுக் குத்தகை பெற்றுத் தோட்டம் போட்டது அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் கம்பெனி. அதே பெயர் தாங்கிய டயர்களில் 65 லட்சத்தை, மேற்பட்டை பிரிந்து விபத்துகள் நேர்ந்தமையால், 2000 ஆகஸ்டில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவற்றுள் பல ஃபோர்டு கம்பெனியின் எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஓடியவை. 271 மரணங்களை அந்த டயர்களோடு தொடர்புபடுத்தியது அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம். டயரே குற்றவாளி என்றது வண்டிக் கம்பெனி. வண்டிக் கம்பெனி குறித்த 26 ராத்தல் காற்றுப் போதாது, 30 வேண்டும் என்றது டயர் கம்பெனி. பெரியவர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள். மாண்டவர்கள் மாண்டவர்களே!

அதே ஆண்டு நவம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் பயனாக 2007 செப்டம்பர் முதல் செய்யப்படும் கார்களிலும் சிறு வண்டிகளிலும் காற்றழுத்தக் கருவி கட்டாயமாயிற்று. ஆனால் கனரக லோரிக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே சென்றது. 2024 ஜூலை முதல் அங்கே புதிதாக விற்கப்படும் லோரி, பஸ், பெரிய டிரெய்லர் அனைத்திலும் இந்தக் கருவி இருந்தாக வேண்டும். காரில் போகும் கனவானின் உயிருக்குள்ள மதிப்பு லோரி ஓட்டுனரின் உயிருக்கும் உண்டு என்பதை ஏற்க அத்தனை ஆண்டு பிடித்தது.

கருவியை நாம் வரவேற்கிறோம். அது சர்வரோக நிவாரணி என்று சொல்லவில்லை. 2024 டிசம்பர் 23 இரவு, மலாக்கா மாநிலத்தில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், லோரியொன்றின் சக்கரம் கழன்று உருண்டதால் நேர்ந்த விபத்தில் ஏழு பேர் மாண்டார்கள். கழன்றுபோகும் சக்கரத்தைக் காற்றளக்கும் கருவி தடுத்துவிடாது. அதற்கு ஒழுங்கான பராமரிப்பு வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிட முதலாளிமார் முயன்றால் அதை ஏற்பதற்கில்லை.

செலவு என்று சொல்வார்கள். காற்றுக் குறைந்த டயர் டீசலைக் குடிக்கும், சீக்கிரமே தேயும், மேற்பட்டை மாற்றி மீண்டும் ஓட்ட முடியாதபடி கெட்டுப்போகும். இந்தக் கணக்கை நாம் சொல்லித்தான் முதலாளிமார் அறிய வேண்டும் என்பதில்லை. இலாபம் கருதியாவது கருவியைப் பொருத்துவார்கள். நமக்குள்ள கவலை அதற்கு அடுத்த படியைப் பற்றியது.

பால் நிறுக்கும் தராசை நினைத்துப் பாருங்கள். தராசு நமக்குப் பகையன்று. ஆனால் முள் எங்கே நிற்கிறது என்பதை நிறுப்பவர் மட்டும் பார்த்து, வெட்டியவர் பார்க்காமல் போனால், அந்தத் தராசு யாருக்குச் சொந்தம்? இருவரும் பார்க்கும் தராசே நியாயமான தராசு. டயர்க் கருவிக்கும் இதுவே சட்டம். அலுவலகத்துத் திரையில் மட்டும் எச்சரிக்கை தெரிந்து, ஸ்டியரிங் பிடித்தவனுக்குத் தெரியாவிட்டால், கருவி அவனைக் காப்பதற்கல்ல. விபத்துக்குப் பிறகு அவன்மேல் பழி எழுதுவதற்கே பயன்படும்.

தெரிந்தாலும் போதுமா? பல இடங்களில் லோரி ஓட்டுனருக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. விளக்கு எரிகிறது, வண்டியை ஓரங்கட்டினால் நடை போய்விடும், நடை போனால் கூலி போய்விடும். வீட்டில் அரிசி வேண்டும். அவன் என்ன செய்வான்? விளக்கின்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு ஓட்டுவான். அந்தத் துணியைப் போட்டது அவன் கை என்றாலும், போட வைத்தது கூலி முறை.

இந்த இடத்தில் தோழர்கள் அறிய வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் புதிதாகச் சேர்ந்த 26ஏ பிரிவின்படி, உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. முன்பெல்லாம் "ஆபத்து என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்பார்கள். இன்று எரியும் விளக்கே சாட்சி! மணியும் நிமிடமும் குறித்து வைத்துக்கொண்ட சாட்சி.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. முதலாவது, புதிய வண்டிகளில் மட்டுமின்றி, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பஸ்களிலும் கனரக லோரிகளிலும் அவற்றின் டிரெய்லர்களிலும் இந்தக் கருவி பொருத்தப்பட வேண்டும். தொழிலாளரை ஏற்றும் பஸ்களிலிருந்து இந்த வேலை தொடங்கட்டும். இரண்டாவது, எச்சரிக்கை முதலில் ஓட்டுனருக்குத் தெரிய வேண்டும். பதிவேட்டைப் பார்க்கும் உரிமை அவருக்கும் அவர் சங்கத்துக்கும் வேண்டும். மூன்றாவது, விளக்கு எரிந்து வண்டி நின்றால் அந்த நடைக்கான கூலி குறையக் கூடாது. நான்காவது, கருவியின் விலையோ வெடித்த டயரின் விலையோ ஓட்டுனர் சம்பளத்தில் பிடிக்கப்படக் கூடாது. சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிப்பதை 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தடுக்கிறது.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்து லோரியின் கணக்கை எழுதுபவர் நீங்கள். போக்குவரத்துக் கம்பெனியின் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரும் உங்களைப் போன்ற ஓர் எழுத்தர்தான். எச்சரிக்கை வந்த நேரத்தை உள்ளபடி எழுதுங்கள். "பிறகு பார்க்கலாம், வண்டி போகட்டும்" என்று மேலிருந்து உத்தரவு வந்தால், அதைச் சொன்னவர் யார் என்பதையும் எழுதுங்கள். உங்கள் பேனா நேர்மையாக இருந்தால் ஓட்டுனர் தலையில் பழி விழாது. ஒருவேளை விபத்தே நேராது.

பால்மரத் தொழிலாளியின் உழைப்பு வண்டியைத் தாங்குகிறது. அந்த வண்டியை ஓட்டுபவனின் உயிரைத் தாங்க வேண்டியது முதலாளியின் கடமை; தாங்க வைக்க வேண்டியது சங்கத்தின் கடமை. விளக்கு எரிந்தால் வண்டி நிற்கட்டும். நின்ற வண்டிக்காக ஒரு குடும்பமும் பட்டினி கிடக்காதிருக்கட்டும்!