39 நாளில் பறிபோன வேலை: போஸ்டெகோக்லூவை வீழ்த்தியது ‘ஹை லைன்’ ஆட்டமா, கிளப்பின் அவசரமா?

போட்டி முடிந்து விசில் ஊதிய 18வது நிமிடத்தில் வேலை போனது. வீரர்கள் குளித்து உடை மாற்றி முடித்திருப்பார்களா என்பதே சந்தேகம்தான். அதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது.

2025 அக்டோபர் 18. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி சொந்த மண்ணில் செல்சியிடம் 0-3 என்று தோற்றது. கிளப்பின் உரிமையாளர் எவாஞ்ஜெலோஸ் மரினாகிஸ், ஆட்டத்தின் 60வது நிமிடம் வாக்கிலேயே இருக்கையை விட்டு எழுந்து போய்விட்டார். மேனேஜர் ஆஞ்சே போஸ்டெகோக்லூவின் கதை அப்போதே முடிந்துவிட்டது என்று டிவி பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்தது.

மொத்தம் 39 நாள். பிரீமியர் லீக் வரலாற்றில் நிரந்தர மேனேஜர் ஒருவரின் மிகக் குறுகிய பதவிக்காலம் இதுதான். இத்தனைக்கும், ஐந்து மாதங்களுக்கு முன்புதான் டாட்டன்ஹாமுக்கு யூரோப்பா லீக் கோப்பையை வென்று கொடுத்தவர் இவர்.

‘டைம் கொடுத்திருக்கணும்’ என்று ஒரு தரப்பு ரசிகர்கள். ‘இந்த டிஃபென்ஸை வெச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா டீமே கீழே போயிருக்கும்’ என்று இன்னொரு தரப்பு. இதில் யார் சொல்வது சரி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

39 நாளில் என்னதான் நடந்தது?

முதலில் கணக்கு. போஸ்டெகோக்லூ பொறுப்பில் ஃபாரஸ்ட் ஆடியது 8 போட்டிகள். வெற்றி பூஜ்ஜியம், டிரா 2, தோல்வி 6. அடித்தது 7 கோல், வாங்கியது 18 கோல்.

பிரீமியர் லீக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். 5 போட்டியில் அடித்தது ஒரே ஒரு கோல். வாங்கியது 10. கிடைத்தது 1 புள்ளி.

ஆர்செனலிடம் 0-3 தோல்வியோடு தொடங்கியது பயணம். லீக் கோப்பையில் ஒரு படி கீழே உள்ள டிவிஷனில் ஆடும் ஸ்வான்சீயிடம் 2-0 என்று முன்னிலை பெற்றும், இஞ்சுரி டைமில் இரண்டு கோல் வாங்கி 2-3 என்று தோற்றது. யூரோப்பா லீக்கில் ரியல் பெட்டிஸுடன் 2-2. பிறகு சண்டர்லேண்டிடமும் டென்மார்க்கின் மிட்யூலான் அணியிடமும் சொந்த மைதானத்திலேயே தோல்வி.

மிட்யூலான் போட்டியின்போதுதான் கேலரி வெடித்தது. ‘காலையில் உனக்கு வேலை இருக்காது’ என்ற அர்த்தத்தில் எதிரணி மேனேஜரைக் கிண்டல் செய்து பாடுவது இங்கிலாந்து ரசிகர்களின் பழக்கம். அன்று ஃபாரஸ்ட் ரசிகர்கள் அதைத் தங்கள் மேனேஜரைப் பார்த்தே பாடினார்கள். அவர் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஹை லைன், லோ பிளாக்: சிம்பிளா புரிஞ்சுக்கலாம்

இந்த விவாதத்தின் மையமே டிஃபென்ஸ் எங்கே நிற்கிறது என்பதுதான்.

லோ பிளாக் என்றால், பத்து வீரர்களும் தங்கள் கோல் பக்கம் இறங்கி, நெருக்கமாக நின்று தடுப்பது. பந்து எதிரணியிடம் இருக்கட்டும், ஆனால் உள்ளே வர இடம் இருக்கக் கூடாது. பந்தைப் பறித்ததும் மின்னல் வேகத்தில் எதிர்த்தாக்குதல்.

ஹை லைன் இதற்கு நேர் எதிர். தடுப்பு வீரர்கள் கிட்டத்தட்ட நடுக்கோடு வரை ஏறி நிற்பார்கள். எதிரணி மூச்சு விடுவதற்குள் பந்தைப் பறித்து மீண்டும் தாக்குவது நோக்கம். தடுப்பாட்ட வரிசையைத் தாண்டி முன்கூட்டியே போய் நின்று பந்து வாங்கினால் ஆஃப்சைடு. அந்த விதிதான் இந்த உத்திக்குக் காவல்.

கிரிக்கெட் கணக்கில் சொன்னால், சிங்கிள் எடுக்கவிடாமல் எல்லா ஃபீல்டரையும் உள்வட்டத்துக்குள் கொண்டுவருவது மாதிரி. பேட்ஸ்மேனுக்கு நெருக்கடிதான். ஆனால் தலைக்கு மேல் ஒன்று தூக்கி அடித்தால், பின்னால் ஆளே இல்லை.

அதனால் ஹை லைன் ஆட ஓட்டத்தில் வேகம் வேண்டும், ஒரே நேரத்தில் நாலு பேரும் சேர்ந்து நகரும் ஒத்திசைவு வேண்டும். ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் ஆஃப்சைடு இல்லை, கோல்தான். அந்த ஒத்திசைவு பயிற்சி மைதானத்தில் வாரக்கணக்கில் உழைத்தால்தான் வரும்.

போஸ்டெகோக்லூ இதில் எவ்வளவு பிடிவாதக்காரர் என்பதற்கு 2023 நவம்பர் 6 உதாரணம். செல்சிக்கு எதிராக டாட்டன்ஹாமின் இரண்டு பேர் ரெட் கார்டு வாங்கி வெளியேறினார்கள். மிச்சம் 9 பேர். வேறு எந்த மேனேஜரும் பஸ்ஸை நிறுத்தியது போல கோல் முன்னால் எல்லோரையும் நிறுத்தியிருப்பார். இவர் 9 பேருடனும் லைனை நடுக்கோட்டிலேயே வைத்தார். 75வது நிமிடம் வரை ஸ்கோர் 1-1. கடைசியில் 1-4 தோல்வி. ஆனாலும் டாட்டன்ஹாம் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நல்லா ஓடிட்டிருந்த வண்டி

அப்படியானால் ஃபாரஸ்ட் ரசிகர்கள் மட்டும் ஏன் 39 நாள்கூடப் பொறுக்கவில்லை? அவர்கள் எதை இழந்தார்கள் என்று பார்த்தால் புரியும்.

போஸ்டெகோக்லூவுக்கு முன் மேனேஜராக இருந்தவர் போர்ச்சுகலைச் சேர்ந்த நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ. 2023-24 சீசனில் 17வது இடத்தில் தப்பிப் பிழைத்த அணியை, அடுத்த சீசனிலேயே 65 புள்ளிகளோடு 7வது இடத்துக்குக் கொண்டுபோனார். சுமார் 30 ஆண்டுகளுக்குப் பிறகு ஃபாரஸ்ட் ஐரோப்பியப் போட்டிக்குத் திரும்பியது.

அதைச் சாதித்தது லோ பிளாக்தான். நடுவில் முரில்லோவும் மிலென்கோவிச்சும் சுவர் மாதிரி நின்றார்கள். கோல்கீப்பர் மாட்ஸ் செல்ஸ் 13 போட்டிகளில் ஒரு கோல்கூட விடாமல், ஆர்செனலின் டேவிட் ராயாவுடன் சேர்ந்து கோல்டன் குளோவ் விருதைப் பகிர்ந்துகொண்டார். முன்னால் கிறிஸ் வுட் லீக்கில் 20 கோல் அடித்தார்.

இப்படிப்பட்ட நூனோவை, புது சீசனில் வெறும் 3 லீக் போட்டி முடிந்த நிலையில் கிளப் நீக்கியது. மூன்றில் ஒன்று வெற்றி, ஒன்று டிரா, ஒன்று தோல்வி. நீக்கக் காரணம் புள்ளிப் பட்டியல் இல்லை. உரிமையாளருடன் தன் உறவு முன்பு போல இல்லை என்று நூனோவே ஆகஸ்டில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

ஆக, ரசிகர்கள் கேட்காத மாற்றம் இது. பலன் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு முறையை எடுத்துவிட்டு, அதற்கு நேர் எதிரான முறையைக் கொண்டுவந்தது நிர்வாகம். டாட்டன்ஹாம் ரசிகர்கள் 2023ல் கைதட்டியது, அவர்கள் ஒரு புதிய பாணிக்காக ஏங்கிக்கொண்டிருந்ததால். ஃபாரஸ்டில் அந்த ஏக்கமே இல்லை.

எல்லா பழியும் ஹை லைன் மேலா?

இங்கேதான் விவாதத்தில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது.

ஃபாரஸ்ட் வாங்கிய கோல்களை மீண்டும் போட்டுப் பாருங்கள். சண்டர்லேண்ட் அடித்த ஒரே கோல், ஃப்ரீ கிக்கில் வந்த ஹெட்டர். நியூகாசில் அடித்த இரண்டில் ஒன்று பெனால்டி. செல்சி அடித்த மூன்றில் ஒன்று நேரடி ஃப்ரீ கிக், இன்னொன்று கார்னரிலிருந்து. ஆர்செனலின் முதல் கோலும் கார்னரைத் தொடர்ந்து வந்ததுதான்.

கார்னர், ஃப்ரீ கிக் நேரத்தில் ஹை லைனே கிடையாது. எல்லோரும் பாக்ஸுக்குள் இறங்கித்தான் நிற்பார்கள். அதாவது, ‘லைன் ரொம்ப மேலே நின்னதால்தான் தோத்தாங்க’ என்பது பாதி உண்மைதான். செட் பீஸ் எனப்படும் இந்த நின்ற பந்துகளைத் தடுப்பதில் இருந்த ஒழுங்கு கலைந்துபோனது மீதிப் பாதி.

அதற்கும் மேனேஜர் பொறுப்புதானே என்றால், ஆமாம், பொறுப்புதான். டாட்டன்ஹாமில் இருந்தபோதே அவர் மீது சொல்லப்பட்ட குறை இது. ஆனால் அதைச் சரிசெய்ய பயிற்சி நேரம் வேண்டும். முதல் 7 போட்டிகளை ஃபாரஸ்ட் ஆடியது 23 நாளில். வார நடுவில் யூரோப்பா, வார இறுதியில் லீக். ஒரு போட்டி முடிந்தால் ஓய்வு, பயணம், அடுத்த போட்டி. சீசனுக்கு முந்தைய பயிற்சிக் காலமும் அவருக்குக் கிடைக்கவில்லை. செப்டம்பர் 9ல் நியமனம், 13ல் முதல் போட்டி.

நீக்கப்படுவதற்கு முந்தைய நாள் பத்திரிகையாளர்களிடமும் இதைத்தான் அவர் நீளமாகப் பேசினார். நேரம் கொடுத்தால் என் கதை எப்போதும் கோப்பையோடுதான் முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவரால் மாறி ஆட முடியாதா?

முடியும். ஆதாரம் அவரே வென்ற கோப்பை.

2025 மே 21, பில்பாவ் நகரில் யூரோப்பா லீக் இறுதிப் போட்டி. மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று டாட்டன்ஹாம் வென்றது எப்படி? பந்தை 30 சதவீதத்துக்கும் குறைவான நேரமே வைத்திருந்து, முன்னிலை கிடைத்ததும் இறங்கி நின்று தடுத்துத்தான். பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கியவர், தேவைப்பட்ட இரவில் லோ பிளாக் ஆடினார். அந்தக் கிளப்புக்கு 17 ஆண்டுகளில் கிடைத்த முதல் கோப்பை அது.

அதே சீசனில் லீக்கில் 22 தோல்வி, 17வது இடம். கோப்பை வென்ற 16வது நாளில் டாட்டன்ஹாம் அவரை நீக்கியது.

ஃபாரஸ்டில் அவர் செய்திருக்க வேண்டியது இதுதான் என்பது விமர்சகர்களின் வலுவான வாதம். கையில் முரில்லோ, மிலென்கோவிச் என்று இறங்கி நின்று தடுக்கத் தெரிந்த ஜோடி இருக்கும்போது, முதல் இரண்டு மாதம் பழைய டிஃபென்ஸையே வைத்துக்கொண்டு, புள்ளிகளைச் சேர்த்துவிட்டு, பிறகு மெல்ல மெல்ல லைனை ஏற்றியிருக்கலாம். நேரம் கேட்பவர், அந்த நேரத்தைச் சம்பாதிக்கும் வழியையும் பார்க்க வேண்டும் இல்லையா?

கிளப் ஏன் காத்திருக்கவில்லை?

பதில் ஒரே சொல்லில்: பயம்.

பிரீமியர் லீக்கில் கடைசி 3 இடத்தில் முடித்தால் கீழ் டிவிஷனுக்கு இறக்கம். பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடிக்கும் கிளப்புக்கே ஒரு சீசனுக்கு 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் பங்குத்தொகை கிடைக்கிறது. இறங்கினால் அது பெருமளவு சரியும். ஃபாரஸ்ட் 1999ல் இறங்கி, திரும்பி வர 23 ஆண்டு ஆனது. அந்த வலி தெரிந்த ஊர் அது.

இதே கிளப்தான் 1975 முதல் 1993 வரை 18 ஆண்டுகள் பிரையன் கிளஃப் என்ற ஒரே மேனேஜரை வைத்திருந்தது. 1979, 1980 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றது. மரினாகிஸ் 2017ல் கிளப்பை வாங்கிய பிறகு, 2025 அக்டோபரில் வந்த ஷான் டைச் வரை 9 நிரந்தர மேனேஜர்கள்.

நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. போஸ்டெகோக்லூ எப்படி ஆடுவார் என்பது ரகசியமே இல்லை. உலகத்துக்கே தெரியும். தெரிந்தே அழைத்து, அவர் பாணிக்கு ஏற்ற டிஃபென்ஸும் தராமல், தயாராக நேரமும் தராமல், சீசன் நடுவில் இறக்கியது யார்? ஆட்டம் தோற்றால் மேனேஜர் பதில் சொல்கிறார். ஆளைத் தேர்ந்தெடுத்ததே தப்பு என்றால் யார் பதில் சொல்வது? 18 நிமிடத்தில் வந்த அறிக்கையில் அதற்கு விடை இல்லை.

அடுத்து என்ன?

2025 அக்டோபர் 21ல் ஷான் டைச் வந்தார். 2025-26 சீசனில் ஃபாரஸ்டின் மூன்றாவது மேனேஜர். பர்ன்லியில் ஒன்பதரை ஆண்டு தாக்குப்பிடித்தவர், சிறு வயதில் ஃபாரஸ்ட் யூத் டீமில் இருந்தவர். நெருக்கமான டிஃபென்ஸ், நீளமான பாஸ், செட் பீஸில் கறார் என்பதுதான் அவர் அடையாளம். அக்டோபர் 23ல் முதல் போட்டியிலேயே போர்டோவை 2-0 என்று வீழ்த்தியது ஃபாரஸ்ட். இரண்டு கோலும் பெனால்டி. முக்கியமாக, கோல் எதுவும் வாங்கவில்லை.

இதை வைத்து ‘பார்த்தியா, ஹை லைன்தான் தப்பு’ என்று முடிவுகட்டுவது அவசரம். ஒரு போட்டி எதையும் நிரூபிக்காது. ஆனால் ஒரு விஷயம் தெளிவு: அணியில் இருந்த ஆட்களுக்கும் மேனேஜரின் முறைக்கும் பொருத்தம் அப்போது திரும்பியிருந்தது.

அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த அணியில் புது மேனேஜர் தடுமாறினால், ‘தூக்கு’, ‘டைம் கொடு’ என்று கத்துவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த வீரர்களால் இந்த முறையை ஆட முடியுமா? வாங்கும் கோல்கள் உண்மையில் அந்த முறையால்தான் வருகின்றனவா? பயிற்சிக்கு எத்தனை நாள் கிடைத்தது?

ஃபாரஸ்ட் விஷயத்தில் முதல் கேள்விக்கு பதில் ‘கஷ்டம்’. இரண்டாவதற்கு ‘பாதிதான்’. மூன்றாவதற்கு ‘ரொம்பக் கொஞ்சம்’. அதனால் ரசிகர்களின் கோபமும் நியாயம், போஸ்டெகோக்லூவின் ஆதங்கமும் நியாயம். ஒரு மேனேஜரின் பெயரும் சீசனின் முதல் இரண்டு மாதமும் போய்விட்டன.

2025 அக்டோபர் 26ல் போர்ன்மத் மைதானத்தில் நடந்தது டைச்சின் முதல் லீக் போட்டி. அதை மீண்டும் போட்டுப் பார்த்தால், கார்னர் வரும்போது ஃபாரஸ்ட் எப்படி நின்றது என்று மட்டும் கவனியுங்கள். ஸ்கோரைவிட அது நிறைய சொல்லும்.